எழுபத்து நான்கு நாள் கணக்கு

4 மார்ச் 2024

இரண்டாவது விந்துப் பரிசோதனையும் முதலாவதைப் போலவே வந்திருக்கிறது: மில்லிலிட்டருக்கு 70 லட்சம் விந்தணுக்கள், அவற்றில் அசைபவை 24 விழுக்காடு. உலகச் சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டுக் கையேடு கீழ்வரம்பாகக் காட்டுவது 1 கோடியே 60 லட்சமும் 42 விழுக்காடும். நான்கு ஆண்டுகளாக ஸ்கேன், ஹார்மோன் சோதனை என்று என் மனைவியே அலைந்தாள். நானும் ஒருமுறை சோதித்துக்கொள்ளலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இதை எழுதவே கூசுகிறது.

11 மார்ச்

சிறுநீரகவியல் மருத்துவர் என்னை நிற்கச் சொன்னார். தொடுவதற்கு முன்பே தெரிந்துவிட்டது. இடப்புற விதைப்பையில் சிரைகள் மண்புழுக்களைப் போலச் சுருண்டு புடைத்திருந்தன. மூன்றாம் நிலை வெரிகோசீல், அதாவது பார்த்தாலே தெரியும் அளவுக்கு விதைப்பைச் சிரை வீக்கம். இடப்புறச் சிரை நீளமானது என்பதாலும், சிறுநீரகச் சிரையில் செங்குத்தாகச் சென்று சேர்வதாலும், வால்வுகள் பழுதானால் இரத்தம் கீழே தேங்கி, குளிர்ச்சியாக இருக்க வேண்டிய விதைகளைச் சூடாக்கிவிடுகிறது என்று தாளில் வரைந்து காட்டினார். ஆண்களில் ஏறத்தாழ 15 விழுக்காட்டினருக்கு இது உண்டு, அவர்களில் பலர் தந்தையரே என்றும் சொன்னார். ஆகவே இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் கைக்குத் தட்டுப்படும் புடைப்பும் குறைந்த அணுக்களும் சேர்ந்திருக்கும்போது அறுவை சிகிச்சை பொருத்தமானது.

8 ஏப்ரல்

அடிவயிற்றின் கீழ் ஒரு சிறு கீறல். தமனியையும் நிணநீர்க் குழாய்களையும் நுண்ணோக்கி வழியே பிரித்துக் காத்து, வீங்கிய சிரைகளை மட்டும் கட்டினார்கள்; இம்முறையில் நீர் கோப்பதும் வீக்கம் திரும்புவதும் குறைவு. மாலையில் சிங்கப்பூரின் செங்காங் வட்டாரத்தில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

14 ஏப்ரல்

புத்தாண்டு. தேக்கா சந்தையில் வாங்கிய அரிசி மூட்டையை என் மனைவி தூக்கிவர, நான் வெறுங்கையோடு பின்னால் நடந்ததைப் பார்த்த அத்தை, "உனக்கென்ன கேடு?" என்றார். குடலிறக்கம் என்று பொய் சொன்னேன். பிறகு வழக்கம்போல் "விசேஷம் ஏதும் உண்டா?" என்ற கேள்வி அவளிடம்தான் போனது.

20 மே

ஒரு விந்தணு உருவாக ஏறத்தாழ 74 நாள்கள். இன்று என்னுள் இருப்பவை பெரும்பாலும் அறுவைக்கு முன்பே உருவாகத் தொடங்கியவை. இப்போது சோதிப்பது வீண் செலவு.

8 ஜூலை

மாதிரிக் குப்பியைச் சட்டைக்குள் உடலோடு அணைத்து, குளிர்ந்துவிடாமல், ஒரு மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் சேர்ப்பதற்காக வாடகைக் காரில் போனேன். ஓட்டுநரிடம் குளிரூட்டியைக் குறைக்கச் சொன்னதற்குக் காய்ச்சலா என்று விசாரித்தார்.

10 ஜூலை

1 கோடியே 90 லட்சம். அசைவு 37 விழுக்காடு. எண்ணிக்கை வரம்பைத் தாண்டிவிட்டது, அசைவு தாண்டவில்லை. ஏறத்தாழ மூவரில் இருவருக்கு முன்னேற்றம் தெரியும், ஆனால் முன்னேற்றமும் கருத்தரிப்பும் ஒன்றல்ல என்று மருத்துவர் முன்பே எச்சரித்திருந்தார். என் மனைவிக்கு 36 வயது. அக்டோபரில் மறுபரிசோதனை, அதுவரை இயற்கையாக முயல்வோம், பிறகு செயற்கைக் கருத்தரிப்புக்குப் பதிவுசெய்வோம் என்று தேதியை அவளே நாள்காட்டியில் வட்டமிட்டாள்.