கடைமடை வயல்: பிசானக் குறிப்புகள்

புரட்டாசி 11

நேற்று பிசானத்துக்கு (மழைக்கால நெல் போகம்) முதல் நாற்றங்கால் பாவியாச்சு. நெல் ரகம் அம்பை 16. அதற்கு முந்தின கார் போகத்துக்குத் தாமிரபரணியின் கன்னடியன் கால்வாய்த் தண்ணீர், கால்வாய்க் கடைசியில் இருக்கிற எங்கள் கடைமடை வரை எட்டவில்லை. சும்மா கிடந்த வயலில், பெய்த ஒரு மழை ஈரத்தை நம்பிப் பசுந்தாள் உரத்துக்குத் தக்கைப்பூண்டு போட்டோம். பூக்கும் நேரத்தில் மடக்கி உழுதாச்சு. யூரியாச் செலவாவது கொஞ்சம் குறையும்.

வயலில் பாதியை இப்போது நட்டு, மீதியை மூன்று வாரம் தள்ளி நடலாம் என்றேன். மாமாவுக்குப் பிடிக்கவில்லை.

“ஒரு வயலுக்கு ரெண்டு நாத்தங்காலா? ஆள்கூலி ரெண்டு தடவை அழணுமேம்மா.”

“ஒரே மழையில ரெண்டும் போயிரக்கூடாதுல்லா மாமா.”

ஜூன் 1 அன்று அணை திறப்பார்கள், கார் நடலாம், ஐப்பசியில் பிசானம் என்று வளர்ந்த மனுஷன். இன்றைக்கும் பேப்பர் வந்ததும் பாபநாசம் அணை 143 அடியில் எத்தனை அடி நிற்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் ராசிபலன். கூலி விஷயத்தில் அவர் சொன்னது சரிதான்.

ஐப்பசி 8

முதல் பாதி நடுகை முடிந்தது. வடிகால் ஓடை முழுக்கத் தண்ணீரை அடைக்கும் அமலைச்செடி. வயல்காரர்கள் வீட்டுக்கு ஓர் ஆள் இறங்கி இழுத்துப் போட்டோம். மேல்மடைக்காரர்கள் எட்டிப் பார்க்கவில்லை. தண்ணீர் தேங்கினால் அவர்களுக்கு என்ன, எங்கள் தலையில்தானே தேங்கும்.

கார்த்திகை 3

இரண்டாம் பாதியும் நட்டாச்சு. மிஞ்சிய நாற்றைப் பிடுங்காமல் ஓரத்தில் விட்டிருக்கிறேன்.

பயிர்க் காப்பீட்டுக்கு அடங்கல், அதாவது வயலில் என்ன பயிர் என்ற சான்று, வாங்கப் பாதி நாள் போனது. பிசானத்துக்கு நாம் கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் நெல்லுக்கு மகசூல் கணக்கை ஊர் மொத்தத்துக்கும் சேர்த்துப் பார்க்கிறார்கள். மேல்மடை நன்றாக விளைந்து கடைமடை மட்டும் அழுகினால், ஊர்க் கணக்கில் நஷ்டமே தெரியாமல் போகலாம். கட்டுவதைக் கட்டிவிட்டேன். நம்பி இருப்பது ஓடையைத்தான்.

கார்த்திகை 28

விடிய விடிய மழை. குளம் நிரம்பி மறுகால் பாய்கிறது என்று கீழத்தெரு அண்ணாச்சி வந்து சொன்னார். முன்நட்ட பயிர் பொதியில் (கதிர் வெளியே வருமுன் உள்ளே திரளும் பருவம்) இருக்கிறது, பாதி உயரம் தண்ணீர். பின்நட்டதில் இலை நுனிகூடத் தெரியவில்லை.

மார்கழி 1

மழை விட்டது. தெருவில் எல்லார் வாயிலும் 2023 பேச்சு. அந்த வருஷம் இதே மார்கழி பிறந்த அன்றுதான், டிசம்பர் 17, வானம் பிய்த்துக்கொண்டது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. அளவுக்குக் கொட்டியது, தாமிரபரணி இரு கரையும் புரண்டது. தண்ணீர் இல்லாத காரும் தண்ணீரில் மூழ்கும் பிசானமும் ஒரே வருஷத்தில் வருவதை எந்தப் பஞ்சாங்கத்தில் பார்ப்பது?

ஓடை சுத்தமாக இருந்ததால் இந்தத் தடவை இரண்டே நாளில் வடிந்தது. வரப்பை இரண்டு இடத்தில் வெட்டிவிட்டோம்.

மார்கழி 4

பின்நட்ட பாதியில் இலையெல்லாம் சேறு பூசி மஞ்சளாகக் கிடக்கிறது. ஒரு தூரைப் பிடுங்கிப் பார்த்தேன். வெளி இலைகள் வழுவழுவென்று கையோடு வந்தன; நடுக்குருத்து மட்டும் வெள்ளையும் பச்சையுமாக விறைப்பாக இருந்தது. வேரில் நாற்றம் இல்லை. சரி, பிழைக்கும்.

யூரியாவை அப்படியே வீசினால் ஈரத்தோடு போய்விடும். ஐந்து பங்கு யூரியா, நான்கு பங்கு ஜிப்சம், ஒரு பங்கு வேப்பம்புண்ணாக்கு கலந்து ராத்திரி முழுக்க வைத்திருந்து காலையில் போட்டோம். அழுகிய இடங்களுக்கு ஓரத்து நாற்று; அதுவும் போதாமல் போக, நன்றாகத் தூர் கட்டிய இடங்களில் பாதியைப் பிரித்து நட்டோம். இது மாமா சொல்லிக்கொடுத்த வேலை. நடுகைக்கு வந்த மதினிக்கே புதுசாம்.

மார்கழி 21

முன்நட்டது பால் பிடித்துவிட்டது. கொஞ்சம் பதர் இருக்கும். பொதியில் தண்ணீர் நின்றதற்கு அது குறைவுதான். பின்நட்டது பச்சை திரும்பியிருக்கிறது, ஆனால் சொட்டை சொட்டையாக. அதில் முக்கால் மகசூல் தேறினால் பெரிசு.

தரை ஈரமாகவே கிடப்பதால் அறுப்புக்கு டயர் மிஷின் இறங்காது, பெல்ட் மிஷின்தான் வேண்டும், மணிக்கு வாடகை அதிகம். இரண்டு பாதியும் இரண்டு தேதியில் முற்றும் என்பதால் மிஷினை இரண்டு தடவை கூப்பிட வேண்டும். மாமா அதையும் சொல்லிக் காட்டிவிட்டார். அண்ணாச்சி வயலும் என் பின்பாதியோடுதான் முற்றும். மிஷின் அவருக்கு வரும் நாளிலேயே எனக்கும் இறக்கச் சொல்லி நாளைக்குப் பேச வேண்டும்.