விழுந்தால் ஓடி வராத ஊர்

ஸ்கேட்போர்டுத் திடலின் சிமெண்டுத் தரையில் விழுந்து கிடந்தேன். உள்ளங்கை எரிந்தது, இடுப்பில் வலி சுரீரென்று ஏறியது. பக்கத்தில் வந்து நின்ற சிறுமிக்குப் பத்து வயதுகூட இருக்காது. தலைக்கவசத்தின் பட்டையைச் சரிசெய்தபடி என்னை மேலும் கீழும் பார்த்தாள். "பின்கால் தரையிலேயே நின்றுவிட்டது. அதையும் தூக்கினால்தான் பலகை எழும்பும்" என்று ஸ்வீடிஷ் மொழியில் சொல்லிவிட்டுத் தன் சக்கரப் பலகையில் ஏறிப் போய்விட்டாள். அடிபட்டதா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. சுற்றி இருந்தவர்களில் ஒருவர்கூட எழுந்து வரவில்லை.

சிரிப்பும் வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது. ஸ்வீடனில் உள்ள மால்மோவுக்குக் குடிவந்த பிறகு குளிரைப் பழகிக்கொண்டேன். டிசம்பரில் பிற்பகல் மூன்றரை மணிக்கே சூரியன் மறைவதையும், லிப்டில் எதிர்வீட்டுக்காரர் சுவரையே பார்த்துக்கொண்டு வருவதையும் பழகிக்கொண்டேன். விழுந்தவரைத் தூக்க யாரும் ஓடி வராததுதான் தொண்டையில் முள்ளாக நின்றது.

நம் ஊரில் விழுவது ஒரு தனி ஆளின் காரியமே அல்ல. திருவாரூர் தெற்கு வீதியில் சைக்கிளோடு சரிந்தால் போதும், டீக்கடை பெஞ்சு காலியாகிவிடும். ஒருவர் கையைப் பிடித்துத் தூக்குவார். ஒருவர் முன்சக்கரத்தை இரண்டு காலுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு கோணிப்போன ஹேண்டில்பாரைத் திருப்பி நேராக்குவார். ஒருவர் சோடா வாங்க ஓடுவார். யாரென்றே தெரியாத ஓர் அம்மாள், "பார்த்துப் போகக் கூடாதா கண்ணு?" என்று திட்டிக்கொண்டே முந்தானையால் நம் முகத்தைத் துடைத்துவிடுவார். சிறுபிள்ளையாக இருந்தால் கேட்கவே வேண்டாம். அம்மா என்னை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, நான் விழுந்த இடத்தைக் கையால் ஓங்கி ஓங்கி அடிப்பாள். "என் பிள்ளையையா தள்ளிவிட்டாய்? இந்தா, வாங்கிக்கொள்!" தரை அடி வாங்கியதும் என் அழுகை நின்றுவிடும்.

நாங்கள் குடியிருப்பது மேற்குத் துறைமுகம் என்ற பகுதியில். முன்பு இங்கே கோக்கும்ஸ் கப்பல் கட்டும் தளம் இருந்தது. 138 மீட்டர் உயரத்துக்கு நின்ற அதன் பெரிய கிரேனை ஒரே ஒரு டாலருக்குத் தென்கொரியாவின் ஹூண்டாய் நிறுவனத்துக்கு விற்று, 2002-இல் கப்பலில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். பிரிந்துபோனபோது ஊரே கலங்கியது என்று இன்றும் வயதானவர்கள் சொல்வார்கள். அந்த இடத்தில் இப்போது வீடுகள், அலுவலகங்கள், முறுக்கிவிட்டாற்போல் எழும் 190 மீட்டர் உயரக் கோபுரமான டர்னிங் டோர்சோ. பழைய கப்பல் தளத்தின் ஓரத்தில் 2005-இல் ஸ்டாபெல்பெட்ஸ்பார்க்கென் என்ற ஸ்கேட்போர்டுத் திடலைத் திறந்தார்கள். குழிகளும் மேடுகளும் வளைவுகளுமாக ஒரு சிமெண்டு நிலப்பரப்பு. மொழி வகுப்பு முடிந்து வீட்டுக்கு வரும் வழி அதுதான். எத்தனையோ மாலைகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்திருக்கிறேன்.

என்னை இழுத்தது பெரிய சாகசங்கள் அல்ல. அவர்கள் எல்லோரும் போகிற போக்கில் செய்த ஒரு சின்னத் தாவல். கையால் தொடுவதில்லை, காலில் கட்டுவதில்லை. ஆனாலும் பலகை காலோடு சேர்ந்து மேலே எழும்பி, காலோடு சேர்ந்து கீழே இறங்குகிறது. அதற்கு ஆலி என்று பெயர். 1970களின் பிற்பாதியில் ஃபுளோரிடாவில் ஆலன் ஜெல்ஃபாண்ட் என்ற இளைஞர் வளைந்த சுவர்களில் இதைச் செய்துகாட்டினார். அவருடைய செல்லப் பெயரே தாவலுக்கும் ஒட்டிக்கொண்டது. 1980களின் தொடக்கத்தில் ராட்னி முல்லன் என்ற இன்னொரு ஸ்கேட்போர்டு வீரர் இதைச் சமதரைக்குக் கொண்டுவந்தார். படிக்கட்டு, திண்டு, கைப்பிடிக் கம்பி என்று தெருவில் இருக்கும் எல்லாவற்றின் மேலும் ஸ்கேட்போர்டு ஏறத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

எனக்கும் குதிப்பதற்கும் ஒரு பழைய கணக்கு பாக்கி இருந்தது. பாண்டி ஆட்டத்தில் எங்கள் தெருவில் என்னை வெல்ல ஆள் கிடையாது. பையன்களோடு பச்சைக்குதிரை தாண்டுவேன். கமலாலயக் குளத்துப் படிகளில் இரண்டு இரண்டாகத் தாவி இறங்குவேன். வயதுக்கு வந்ததும் அத்தனையும் ஒரே நாளில் நின்றுபோயிற்று. "பெண்பிள்ளை தங்குதங்கென்று குதிக்கலாமா?" என்று அப்பாயி கேட்டாள். ஏன் கூடாது என்று நானும் கேட்டேன். யாரும் பதில் சொல்லவில்லை. திண்ணையில் இருந்து இறங்குவதற்குக்கூடப் படியைத் தேடிப் போகிற பெண்ணாக என்னை வளர்த்துவிட்டார்கள். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும். ஆகவே, முப்பத்தைந்தைத் தாண்டிய வயதில் ஏழு அடுக்கு மேப்பிள் மரப் பலகை ஒன்றை வாங்கிக்கொண்டு அந்தத் திடலுக்குள் நுழைந்தபோது எனக்குத் துளி வெட்கமும் இருக்கவில்லை.

தாவலின் சூட்சுமத்தைச் சொல்கிறேன். பின்காலின் முன்பாதம் பலகையின் வாலில், அதாவது பின்முனையில், நடுவாக நிற்க வேண்டும். முன்கால், சக்கரங்களைப் பலகையோடு பிணைக்கும் முன்பக்கத் திருகாணிகளுக்குச் சற்றுப் பின்னால். முழங்காலை மடக்கித் தாழ்ந்து, மேலே குதிக்கிற அதே கணத்தில் கணுக்காலைச் சொடுக்கி வாலைத் தரையில் தட்ட வேண்டும். 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். வால் தரையில் மோதியதும் பலகையின் மூக்கு, அதாவது முன்முனை, நிமிர்கிறது; தரை திருப்பி உதைத்த வேகத்தில் பலகையும் எழும்புகிறது. எழும்பும் பலகையின் மேல் முன்காலின் சுண்டுவிரல் பக்கத்தைச் சாய்த்து மூக்கை நோக்கி உரசிக்கொண்டே போக வேண்டும். பலகையின் மேல் ஒட்டியிருக்கும் உப்புத்தாள் ஷூவைக் கவ்வி, அந்த உராய்விலேயே பலகை காலோடு மேலே வரும். பின்கால் முழங்காலை மார்பை நோக்கி இழுத்துக்கொண்டால் வாலுக்கு எழும்ப இடம் கிடைக்கும்; உச்சியில் பலகை சமநிலைக்கு வரும். இறங்கும்போது இரண்டு பாதமும் திருகாணிகளுக்கு மேலே, முழங்கால் மடங்கி. இவ்வளவும் அரை நொடிக்குள்.

படிக்க எளிது. உடம்பு ஒத்துக்கொள்வதுதான் அரிது. பலகை எழும்பியதும் ஒரு கால் தன்னிச்சையாகத் தரையைத் தேடி இறங்கிவிடும். இரண்டு காலையும் ஒன்றாகப் பலகையின் மேல் இறக்கும் தைரியம் வரும்வரை ஆலி வராது. வாரக்கணக்கில் எனக்கு நடந்தது இதுதான். உடம்பு பின்னால் சாய்ந்தால் பலகை முன்னால் பறந்துவிடும், நான் மல்லாந்து விழுவேன். தோள் திரும்பினால் பலகையும் திரும்பிக் கணுக்காலில் அடிக்கும். என் ஷூவில் சுண்டுவிரலை ஒட்டிய இடத்தில் முதலில் தோல் மங்கி, பிறகு நூல் பிரிந்து, பிறகு துணி தெரிந்து, கடைசியில் நீலக் காலுறை எட்டிப்பார்த்தது. திடலில் எல்லோருடைய ஷூவிலும் அதே இடத்தில் அதே ஓட்டை. அதைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட பெருமையைச் சொல்லி முடியாது.

ஓட்டை விழுந்தாலும் யாரும் ஓடி வரவில்லை. திடலுக்கு வருகிறவர்களில் ஒருவர், நரைத்த தாடிக்காரர், நார்வேயில் பிறந்தவர். ஒரு நாள் அவரிடமே மனத்தாங்கலைக் கொட்டிவிட்டேன். அவர் சொன்ன கதை வேறு. 1978 முதல் 1989 வரை நார்வேயில் ஸ்கேட்போர்டு விற்பதற்கும் ஓட்டுவதற்கும் தடை. அவரும் நண்பர்களும் காட்டுக்குள் மறைவாக மரச் சறுக்குமேடை கட்டி அங்கேதான் பழகினார்களாம். "அந்தக் காலத்தில் எங்களை நோக்கி ஒருவர் ஓடி வந்தால் பலகையைப் பிடுங்கத்தான் வருகிறார் என்று அர்த்தம்" என்றார். பிறகு, "கீழே கால்களைப் பார்க்காதே, இறங்கப்போகும் இடத்தைப் பார். நின்ற இடத்தில் குதிக்காதே, மெல்ல உருண்டுகொண்டே குதி" என்றார். நின்றபடியே பழகுவதுதான் பத்திரம் என்று சொல்பவர்கள் உண்டு. என் அனுபவத்தில் தாடிக்காரர் சொன்னதே சரி. நிற்கும் பலகை இறங்கும்போது நழுவும். உருளும் பலகை நம்மைத் தாங்கிக்கொண்டு முன்னே போகும்.

தரையில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போட்டேன். அதைத் தாண்ட வேண்டும், அவ்வளவுதான். ஜூன் மாதம்; இரவு ஒன்பதரைக்கும் வெளிச்சம் இருந்தது. மெதுவாக உருண்டு வந்தேன், தாழ்ந்தேன், வாலைத் தட்டினேன். நான்கு சக்கரங்களும் ஒன்றாகத் தரையைத் தொட்ட சத்தம் கேட்டது. இரண்டு காலும் பலகையின் மேல். பலகை ஓடிக்கொண்டிருக்கிறது. கோடு எனக்குப் பின்னால்.

அப்போது சுற்றிலும் இருந்து டொக், டொக், டொக் என்று சத்தம் எழுந்தது. மேட்டில் உட்கார்ந்திருந்தவர்கள், குழியின் விளிம்பில் நின்றவர்கள் எல்லோரும் தங்கள் பலகையின் வாலைத் தரையில் தட்டினார்கள். இவர்கள் உலகத்தில் கைதட்டல் அதுதான். அந்தச் சிறுமியும் இருந்தாள். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் அவள் தட்டிக்கொண்டிருந்தாள். நான் விழுந்த ஒவ்வொரு முறையும் திரும்பாத முகங்கள், அத்தனை நாளும் என் பின்காலைக் கவனித்துக்கொண்டுதான் இருந்திருக்கின்றன. அந்தச் சத்தம் என் நெஞ்சுக்குள் போய் எங்கேயோ இடித்தது. நான் குதித்ததற்காக என்னை ஊர் கூடிப் பாராட்டியது பாண்டி ஆடிய காலத்துக்குப் பிறகு அன்றுதான்.

டோக்கியோ ஒலிம்பிக்கில், 2021-இல், மகளிர் ஸ்கேட்போர்டுப் போட்டியில், குழிகளும் வளைவுகளுமான திடலில் நடக்கும் பார்க் பிரிவு இறுதிச் சுற்றின் காணொளியைப் பிறகுதான் தேடிப் பார்த்தேன். பதக்கம் வெல்வார் என்று எல்லோரும் நம்பிய ஜப்பானின் மிசுகு ஒகாமோட்டோ, 15 வயதுப் பெண், கடைசி ஓட்டத்தில் விழுந்துவிடுகிறார். நான்காம் இடம். கண்ணீரோடு மேலே ஏறி வரும் அவரைப் போட்டியாளர்கள் ஓடிச் சூழ்ந்து, கட்டிப்பிடித்து, தோளில் தூக்கிவைத்துக் கொள்கிறார்கள். எந்த நாட்டுப் பெண் எந்த நாட்டுப் பெண்ணைத் தூக்குகிறாள் என்ற வித்தியாசமே இல்லை. பலமுறை பார்த்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் தெற்கு வீதி டீக்கடை பெஞ்சுதான் நினைவுக்கு வருகிறது.

இந்த ஊர் எனக்குப் பழகிவிட்டது என்று இப்போது உறவினர்களிடம் தயங்காமல் சொல்கிறேன். 2006 முதல் ஸ்கேட்போர்டையும் ஒரு பாடமாக வைத்து நடக்கும் மேல்நிலைப் பள்ளி இங்கே இருக்கிறது என்று சொன்னால் சித்தப்பா நம்ப மறுக்கிறார். "அதில் மார்க் எவ்வளவு, வேலை கிடைக்குமா?" என்கிறார். தம்பி மட்டும் உற்சாகமாகி, மாமல்லபுரத்து மீனவர் குடும்பத்துச் சிறுமி கமலி கவுன் அணிந்து வெறுங்காலோடு பலகையில் பாய்ந்து இறங்கும் படத்தை அனுப்பினான். நம் கடற்கரையிலேயே ஒரு பெண் இப்படிக் குதிக்கிறாள் என்பதில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சிக்கு அளவில்லை. அப்பாயி இருந்திருந்தால் அந்தப் படத்தை அவளிடம் காட்டி, என்ன சொல்கிறாள் என்று கேட்டிருப்பேன்.

பழகிவிட்டது என்று சொன்ன வாரமே ஒரு திண்டின் மேல் ஏற முயன்று முழங்காலைக் கிழித்துக்கொண்டேன். எழுந்தேன், பலகையை எடுத்துக்கொண்டேன், யாரையும் எதிர்பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து காயத்தைக் கழுவும்போது மட்டும், தரையை யாராவது இரண்டு அடி அடித்தால் தேவலை என்று இருந்தது. வீடியோ அழைப்பில் அம்மா முழங்காலைப் பார்த்துவிட்டாள். "என்னடி இது கோலம்? யார் தூக்கிவிட்டார்கள்?" என்பதுதான் முதல் கேள்வி. நானே எழுந்தேன் என்றேன். அவளுக்கு அந்தப் பதில் பிடிக்கவே இல்லை. அந்த ஊரில் மனிதர்களே இல்லையா என்று கேட்டாள். பலகையால் தட்டிப் பாராட்டுவார்கள் என்று விளக்கினேன். "நன்றாகச் செய்தால் பாராட்ட ஆயிரம் பேர் வருவார்கள். விழுந்தால் வருகிறவர்கள்தான் மனிதர்கள்" என்று சொல்லிவிட்டாள். மறுத்துப் பேச என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை.

குளிர்காலத்தில் திடல் பனி உறைந்து கிடக்கும். ஈரத்தில் சக்கர பேரிங்குகள் துருப்பிடித்துவிடும். அப்போது எல்லோரும் பழைய மதுபான ஆலைக்குள் 1998-இல் தொடங்கிய பிரிக்கெரியெட் உள்ளரங்குக்குப் போய்விடுவோம். அங்கே தரை மரம் என்பதால் வாலைத் தட்டினால் சத்தம் இன்னும் கனமாக எழும். கவிழ்த்து வைத்த பலகையைத் தாண்டும் அளவுக்கு என் ஆலி இப்போது வளர்ந்திருக்கிறது. அடுத்தது நடைபாதைத் திண்டு. பின்சக்கரம் விளிம்பில் இடிக்காமல் ஏற வேண்டுமானால் முழங்காலை இன்னும் உயர்த்த வேண்டும் என்கிறாள் என் குட்டி ஆசிரியை.

வரும் கோடையில் அம்மா இங்கே வருகிறாள். திடலுக்கு அழைத்துப் போவேன், ஆனால் நான் விழுந்தால் நீ ஓடி வரக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லி வைத்தேன். அவள் சம்மதிக்கவில்லை. ஓடுவதற்கு வசதியாக, இங்கே வந்ததும் முதல் வேலையாக எனக்கு இருப்பது மாதிரியே ஒரு ஜோடி கான்வாஸ் ஷூ வாங்கித்தரச் சொல்லியிருக்கிறாள்.