பொய்யாய் அடித்த தீ எச்சரிக்கை மணி

கொழும்பு கொள்ளுப்பிட்டியில் எட்டு மாடி வணிகக் கட்டடமொன்றின் பராமரிப்புப் பொறுப்பை நான் ஏற்ற முதல் மாதத்திலேயே தீ எச்சரிக்கை மணி மூன்று தடவை காரணமின்றி அடித்தது. மூன்றாவது தடவை மூச்சு வாங்க ஐந்தாம் மாடிக்கு ஓடினேன். அங்கே ஒருவரும் எழுந்திருக்கவில்லை. கணக்குப் பிரிவு அக்கா ஒருவர், “அது சும்மா அடிக்குது தம்பி, இருங்கோ” என்று எனக்கே ஆறுதல் சொன்னார். இரவுக் காவலரோ, உண்மையாகவே தீப்பிடித்தாலும் தீயணைப்புச் சேவையின் 110ஐ அழைக்கத் தயங்கும் நிலைக்கு வந்திருந்தார்.

புகையைக் கண்டறிந்து மணியை அடிக்கச் செய்யும் உணரிகள் அனைத்தையும் மாற்றுவதற்கு ஒப்பந்தக்காரர் விலைமனு தந்தார். அதில் கையொப்பமிடுவதற்கு முன், கட்டுப்பாட்டுப் பனலில் பதிவாகியிருந்த பழைய நிகழ்வுகளை ஒரு கொப்பியில் எழுதினேன்: எந்த உணரி, எத்தனை மணி, அந்நேரம் அங்கே என்ன நடந்தது. கடைசிக் கேள்விக்குப் பனலில் விடை இல்லை. தேநீர் போடுபவரிடமும் துப்புரவுப் பணியாளர்களிடமும் கேட்டுத்தான் அதை நிரப்பினேன். முடிவில், ஒரு கை விரல்களுக்குள் அடங்கும் உணரிகளே திரும்பத் திரும்ப வந்தன.

புகை உணரியின் உள்ளறையில் ஒளிக்கற்றை ஒன்று இருக்கும். புகைத் துகள்கள் அதைச் சிதறடிக்கும்போது மணி அடிக்கும். நீராவியும் தூசியும் பூச்சியும் அதே வேலையைச் செய்யும். தேநீர் அறையில் கேத்திலுக்கு நேர் மேலே இருந்த புகை உணரிக்குப் பதிலாக வெப்ப உணரி பொருத்தினோம். தரைத்தள புடைவைக் கடையில் வெள்ளிக்கிழமை மாலைச் சாம்பிராணிதான் காரணம் என்றாலும், துணி அடுக்கிய இடத்தில் புகை உணரியை அகற்ற நான் உடன்படவில்லை. கடை ஐயா பெருமனத்தோடு சாமிப் படத்தை வாசற்பக்கம் மாற்றினார். எட்டாம் மாடி உணரியைக் கழற்றியபோது உள்ளேயிருந்து எறும்புகளும் பல்லி முட்டை ஓடொன்றும் உதிர்ந்தன. அதற்குச் சுத்தம் செய்ததே போதுமாயிற்று.

இந்தத் தேடலில் என்னை உண்மையில் அச்சுறுத்தியது வேறொன்று. ஆறாம் மாடியில் டைல்ஸ் வெட்டியபோது தூசிக்காக மாட்டிய பிளாஸ்டிக் மூடிகள், வேலை முடிந்து வாரங்கள் கடந்தும் மூன்று உணரிகளில் அப்படியே இருந்தன. அந்த மாடியிலிருந்து முறைப்பாடே வராததை நல்ல அறிகுறியென்று நான் நினைத்திருந்தேன். இப்போது மூடிகளை எண்ணிக் கொடுத்து, மாலையில் எண்ணி வாங்கிக் கையொப்பமிடுகிறோம்.

டெங்குப் புகை அடிக்கும் நாட்களே இன்னும் தொல்லை தருகின்றன. மழைக்குப் பின் முன்னறிவித்தலின்றி வந்து அடித்தால், நிலக்கீழ் வாகனத் தரிப்பிடம் முழுவதும் புகை நிறைந்துவிடும். முன்கூட்டியே தகவல் கிடைக்கும் நாட்களில் அந்தத் தரிப்பிடத்து உணரிகளை மட்டும் நிறுத்திவைத்து, புகை கலையும்வரை காவலர் ஒருவரை அங்கேயே ரோந்து விடுகிறோம். மீண்டும் இயக்கிய நேரத்தை அவரே கொப்பியில் எழுதுகிறார்.