திருவிழா நோட்டீசில் முதல் பெயர் யாருக்கு?

மட்டக்களப்புக் கத்தோலிக்கக் கோயில்களில் கொடியேற்ற நோட்டீஸ் அடிக்கும்போது பங்குச் சபையார் தடுமாறுவது நவநாள் (ஒன்பது நாள் வழிபாடு) ஒழுங்கில் அல்ல, பெயருக்கு முன்னால் போடும் அடைமொழியில்தான். பெயர் ஒரு வரி கீழே போனால் பாதர் கோவிப்பாரோ என்று பயம். பெரும்பாலும் கோவிப்பது அவருடைய பழைய பங்குச் சனம்தான்.

ஆயருக்கு மேதகு, குருக்களுக்கு அருட்பணி. இதற்குமேல் தேவையில்லை. குருமுதல்வர் (மறைமாவட்ட நிர்வாகத்தில் ஆயருக்கு அடுத்தவர்) என்பது பட்டமல்ல, பதவி. ஆயர் ஓய்வுபெற்று ஆசனம் வெறுமையானால் அந்தப் பதவியும் அதோடு முடியும். போன வருச நோட்டீசைப் பார்த்து அப்படியே அடிப்பதால்தான் பிழை வருகிறது. பாப்பரசர் குருக்களுக்குக் கொடுக்கும் மொன்சிஞ்ஞோர் என்ற கௌரவப் பட்டமோ 2014 முதல் மறைமாவட்டக் குருக்களில் (துறவற சபை எதிலும் சேராமல் ஆயரின் கீழ்ப் பணிசெய்பவர்கள்) 65 வயதைத் தாண்டியவர்களுக்கு மட்டும், அதுவும் ஒரே படிநிலையில். முன்பே பெற்றவர்களுக்கு அது நிலைக்கும்.

பட்டம், பதவி விசயத்தில் இயேசு சபை என்ற துறவற சபையில் தாழ்ச்சியை ஆளின் சுபாவத்துக்கு விட்டுவைக்கவில்லை. இறுதி வார்த்தைப்பாட்டோடு (கடவுளுக்குக் கொடுக்கும் துறவற வாக்குறுதி), சபைக்குள்ளும் வெளியிலும் பதவி தேடமாட்டேன், தேடுகிறவர் யாரென்று தெரிந்தால் மேலிடத்துக்கு அறிவிப்பேன் என்றும் வாக்குக் கொடுக்கவேண்டும். கட்டளையிட அதிகாரமுள்ளவர் கட்டளையிட்டால் மட்டுமே ஆயர் பதவியை ஏற்கலாம். 2012இல் மட்டக்களப்பு தனி மறைமாவட்டமாகுமுன் நாம் இருந்த திருகோணமலை மறைமாவட்டத்துக்கு 1898இல் ஆயராக வந்த லவீஞ் ஆண்டகையும் 1947இல் வந்த கிளெனி ஆண்டகையும் இந்தச் சபையார்தான்.

காசு விசயத்தில்தான் குழப்பம் கூட. மறைமாவட்டக் குரு ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுப்பதில்லை. எளிமையாக வாழச் சட்டம் கேட்கிறது, ஆனால் சொந்தச் சொத்து வைத்திருக்கலாம். துறவற சபையைச் சேர்ந்த குருவோ உழைத்துப் பெறுவதும் அவருடைய சபைக்குத்தான். ஆகவே பிரியாவிடையில் அவருக்கு மோட்டார் சைக்கிள் வாங்கிக்கொடுத்தால் அது மடத்துக்குப் போவதில் கோபிக்க இடமில்லை. திருமுழுக்கு, கலியாணத்தில் நீட்டும் என்வலப்பும் பங்குக் கணக்குக்கே உரியது, கொடுப்பவர் தனிப்பட்ட அன்பளிப்பு என்று தெளிவாகச் சொன்னாலொழிய. பூசைக்காசுக்கும் ஒரு வரையறை உண்டு. ஞாயிறு மூன்று இடத்தில் பூசை வைத்தாலும் ஒன்றின் காணிக்கைதான் குருவுக்கு, மற்றவை ஆயர் குறித்த நோக்கத்துக்கு. நத்தாருக்கு மட்டும் விலக்கு.

அதிகம் அநியாயம் நடப்பது பிரதர்மாருக்கு. குருமட மாணவரையும் நாம் ‘பிரதர்’ என்றே கூப்பிடுவதால், குருப்பட்டம் பெறாமலே துறவற சபையில் வாழும் துறவறச் சகோதரரிடம் அறுபது வயதிலும் “எப்ப பாதர் ஆவீங்க?” என்று கேட்கிறார்கள். அவர் பாதி வழியில் நின்றவரல்ல, அவர் அழைப்பே வேறு. 2022 முதல் வத்திக்கானின் சம்மதத்தோடு, குருக்கள் நிறைந்த சபைக்கே அவர் மேலாளராகலாம். நோட்டீசிலோ அவருடைய பெயர் பாட்டுக்குழுவுக்கும் பந்தல்காரருக்கும் இடையில் கிடக்கும், கன்னியர் மடத்துச் சிஸ்டர்மாருக்குப் பெயரே இருக்காது, “அருட்சகோதரிகள்” என்று ஒற்றைச் சொல்தான். அடுத்த நோட்டீசில் அவர்கள் பெயரையும் சபையையும் கேட்டு எழுதுங்கள்.