அரக்கன் அடுக்கிய படிகளில் அசலநாதர் தரிசனம்

ஜப்பானில் மே மாதத் தொடக்கத்தில் வரும் கோல்டன் வீக் விடுமுறையில் எங்கே போனாலும் கூட்டம். அதனால்தான் தெற்கே கியூஷூ தீவின் குனிசாகி தீபகற்பத்தைத் தேர்ந்தெடுத்தோம். பெப்புவில் தங்கி, மறுநாள் காலை புங்கோதகாதாவில் உள்ள குமானோ மலைக்கு வாடகைக் காரில் கிளம்பினோம். அங்கே மலைப்பாறையிலேயே செதுக்கிய புத்த உருவங்கள் இருக்கின்றன.

அடிவாரத்தில் தைசோஜி கோயில். சீட்டு வாங்கும் இடத்தில் கைத்தடிகள் வைத்திருப்பார்கள். வெட்கப்படாமல் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கல் தோரணவாயில் வரை சாதாரண மலைப்பாதைதான். அதைத் தாண்டினால் வெறும் கற்களை அள்ளிப் போட்டதுபோல் படிகள். ஒன்று முழங்கால் உயரம், அடுத்ததில் பாதம் வைக்கவே இடமில்லை.

இந்தப் படிகளுக்கு ஒரு தலபுராணம் உண்டு. மனிதர்களைத் தின்ன அனுமதி கேட்ட சிவப்பு அரக்கனிடம், "கோழி கூவுமுன் நூறு படி கட்டிவிடு, பார்க்கலாம்" என்றதாம் குமானோ தெய்வம். 99 முடித்துக் கடைசிக் கல்லோடு அவன் வர, தெய்வமே சேவல்போலக் கூவிவிட்டது. அரக்கன் கல்லோடு ஓடி, விழுந்து செத்தான். சாமியே இப்படி ஏமாற்றலாமா என்றாள் மனைவி. மோகினியாக வந்து அமுதம் பங்கிட்டவரைக் கும்பிடும் நாம் அதைக் கேட்கலாமா?

மூச்சு வாங்க ஏறி நிமிர்ந்தால், எதிரே செங்குத்துப் பாறை. அதில் இருக்கும் உருவங்கள் ஹெயான் காலத்தின் (கி.பி. 794–1185) பிற்பகுதியில் செதுக்கியவை என்கிறார்கள். வலப்புறம் 7 மீட்டருக்குச் சற்றுக் குறைவாக தைனிச்சி, அதாவது பிரபஞ்சமே உருவான புத்தராகக் கருதப்படும் மகாவைரோசனர். அவர் தலைக்கு மேலே பாறையில் பீஜாட்சர மண்டலங்கள். வடமொழி மந்திர எழுத்துகள் இந்தக் காட்டுக்குள் வந்து சேர்ந்திருப்பதைப் பார்த்ததும் கை தானாகக் குவிந்தது.

இடப்புறம் சுமார் 8 மீட்டர் உயரத்தில் ஃபுடோ மியோஓ. நம் நாட்டிலிருந்து போன புத்த மதக் காவல் தெய்வம் அசலநாதர்தான். மற்ற கோயில்களில் கோரைப்பல்லும் தீச்சுவாலையுமாக மிரட்டுவார். இங்கேயோ கையில் வாள் இருக்கிறது, ஆனால் அகன்ற மூக்கும் உருண்ட கண்ணுமாகச் சிரிக்கிறார். ஊர் எல்லையில் நிற்கும் அய்யனாரைப் பார்த்த மாதிரி எனக்கு ஒரு உரிமை வந்துவிட்டது. பக்கத்துப் பரிவார உருவங்கள் மழையில் கரைந்து பாதிப் பாறையாகிவிட்டன. கற்பூரம் காட்ட வழியில்லை. மனதுக்குள் ஒரு சுலோகம் சொல்லிக்கொண்டேன்.

ஏறுவதைவிட இறங்குவதுதான் கஷ்டம். தைசோஜியில், பிறந்த ஆண்டுக்குரிய காவல் தெய்வத்தின் மேல் பளபளக்கும் ஒட்டுத்தாளை ஒட்டி வேண்டிக்கொள்கிறார்கள். பன்னிரண்டு விலங்குகளின் பெயரில் சுழலும் ஆண்டுக் கணக்கில் மனைவி முயல் ஆண்டு, அதனால் ஞானத்துக்குரிய போதிசத்துவர் மஞ்சுஸ்ரீ. ஞானம் கேட்கவேண்டிய இடத்தில் முழங்கால் வலி தீரவேண்டும் என்று வேண்டிக்கொண்டாளாம்.