இலையான்

பெப்ரவரி 6
ரிப்போட் இன்றும் வரவில்லை. வியாழன் வரச் சொன்னார்கள்.

பெப்ரவரி 7
நித்திரை இல்லை. வெள்ளவத்தையில் கடலோர ரயில் ஒவ்வொன்றும் கட்டிலை ஒருதரம் ஆட்டிவிட்டுத்தான் போகிறது. எழும்பியிருந்து போன மாதத்து ஹோட்டன் சமவெளிப் படங்களைப் பார்த்தேன். பாதி இலையான். “உலக முடிவுக்கு வந்து இலையான் படம் எடுக்கிற ஆள் நீ மட்டும்தான்” என்று அக்கா அங்கேயே சொன்னாள். உலக முடிவு என்கிற அந்த மலை விளிம்பில் 800 மீற்றருக்கு மேல் செங்குத்துப் பள்ளம், முழுக்க மூடுபனி, வேறு எதை எடுப்பதாம்?

ஒன்றுக்கு வயிறு தோடம்பழ நிறம், நடுவே கறுப்புக் கோடு, பின்பக்கம் தும்புத்தடி மாதிரித் தடித்த மயிர். பூவுக்குள் தலையை விட்டிருக்கிறது. தேனீ என்றுதான் நினைத்தேன். ஆனால் செட்டை இரண்டே இரண்டு, இலையான்தான்.

பெப்ரவரி 8
புழுக்கம்.

பெப்ரவரி 9
அந்த இலையான் டக்கினிட் குடும்பமாம். பெயர் வைத்தவை மட்டும் 8,500 வகைக்கு மேல். இவ்வளவு வடிவான பூச்சி, ஆனால் அதன் பிள்ளை வளர்வது இன்னொன்றின் உடம்புக்குள். சிலது மயிர்க்கொட்டியின் தோலில் முட்டையை ஒட்டிவிடும். சிலது இலையில் பொடிப்பொடியாக இட்டுவிட்டுப் போய்விடும், மயிர்க்கொட்டி இலையோடு சேர்த்துத் தானே விழுங்கும். உள்ளே போன புழு மூச்சுவிட அதன் தோலிலோ மூச்சுக்குழாயிலோ ஓட்டை போட்டுக்கொள்ளும். மயிர்க்கொட்டி தன்பாட்டில் தின்றுகொண்டே இருக்கும்.

எப்போது தெரியும் அதற்கு? ஒரு குத்து, ஒரு அசதி, ஏதாவது?

அக்காவுக்குச் சொல்லவில்லை.

பெப்ரவரி 11
லிஃப்டில் மேல்மாடி அன்ரி: “என்னவாம்?” ஒன்றுமில்லையாம் அன்ரி, ஒன்றுமில்லை.

பெப்ரவரி 12
ஏழரைக்கே போய் 43ஆம் நம்பர். பதினொன்றரைக்குக் கூப்பிட்டு, இன்னொருதரம் பார்க்க வேண்டும், திங்கள் வாருங்கள் என்றார்கள். அவ்வளவுதான். அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காலி வீதியில் இறங்கி வடையும் தேத்தண்ணியும். வடை நல்ல வடை.

பெப்ரவரி 14
இவற்றில் பல வகைகளில் ஆண்கள் குன்று உச்சிக்குப் போய், பெண் வரும் என்று காத்துக்கிடக்குமாம். எழும்பிப் பறக்கும், ஒரு வட்டம், திரும்ப அதே கல். அன்றைக்கு நான் கண்டது இதைத்தானோ? ஒரே கல்லில் 11 படம். ஆறாவது படத்தின் ஓரத்தில் அக்காவின் சப்பாத்து நுனி. அவ்வளவு நேரமும் பக்கத்தில் நின்றிருக்கிறாள். களைக்குது என்று ஒருதரமும் சொல்லவில்லை.

பெப்ரவரி 15
தானாகவே படத்தைக் கேட்டாள். விரலால் வயிற்றைப் பெரிதாக்கி, “இது என்ன சாப்பிடும்?”

தேன் என்றேன். பொய்யில்லை.

பெப்ரவரி 16
ஆறு மணி. அக்கா தலை இழுக்கிறாள். ஓட்டோ கீழே வந்து