ஏ பிரிவிலிருந்து ஓப்பனுக்கு!

மகளின் பள்ளி விண்டர் கார்ட் அணியை (உள்ளரங்கில் இசைக்கேற்பக் கொடி சுழற்றி ஆடும் குழு) சீசன் நடுவிலேயே ஏ பிரிவிலிருந்து அதற்கு அடுத்த மேல் நிலையான ஓப்பன் பிரிவுக்கு ஏற்றிவிட்டார்கள்!

அடுத்த போட்டியில் மதிப்பெண் குறையலாம், சொந்தங்கள் பதற வேண்டாம். ஓப்பனுக்கு அளவுகோலே வேறு. கொடி, மரத் துப்பாக்கி, வாள் இவற்றைச் சுழற்றினால் மட்டும் போதாது. கை சுழற்றும்போதே உடம்பும் ஆட வேண்டும். மேலே வீசிவிட்டு, தான் ஒரு சுற்றுச் சுற்றி வந்து பிடிக்க வேண்டும். அதுவும் எல்லாரும் ஒரே நொடியில்! இதற்கு மேல் வேர்ல்டு பிரிவு மட்டும்தான்.

ஏ-யிலேயே இருந்திருந்தால் ஏப்ரலில் அமெரிக்காவின் டேட்டன் நகரில் நடக்கும் சாம்பியன்ஷிப்பில் பதக்கம் கிடைத்திருக்குமே என்று சில பெற்றோருக்கு வருத்தம். எனக்கு இல்லை. பிள்ளைகள் அந்தப் பிரிவைத் தாண்டி வளர்ந்துவிட்டார்கள். பெருமையாக இருக்கிறது.

மார்ச் போட்டிக்கு யாரெல்லாம் வருகிறீர்கள்? சேர்த்தே டிக்கெட் எடுத்துவிடுகிறேன்.